ஜனக் கணக்கும் நமது படிப்பும்

(ஆரப்பாளையத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் ஜனக் கணக்கு, அதாவது சென்சஸ் என்பதைப் பற்றியதாகும். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பார்க்க வேண்டிய காரியத்தைப் பொதுக்கூட்டத்தில் வந்து பேசுகிறார்களே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கணக்கு என்றால் அது கர்ணம் பார்க்க வேண்டியது, நமக்கென்ன என்று நம் பாட்டன்மார் இருந்த காலத்தில்தான் அவர்கள் நிலம் அவர்களுக்குத் தெரியாமலே வேறொருவன் பேருக்குப் போயிற்று. பள்ளிக்கூட விஷயமும் ஏறக்குறைய அப்படியேதான். ஆதலால் கொஞ்சம் பொறுமையாய்க் கேட்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.

இந்த ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டையே எடுத்துக் கொள்ளுங்கள். காலை வேளையில் 1000 பேர் மூட்டை முடிச்சுகளோடு நிற்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஓர் அதிகாரி தலைகளை எண்ணி, 1000 பேர்தானே, இந்தா 20 பஸ் என்று கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இருபதும் கோயமுத்தூருக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டால், தேனிக்கும் கம்பத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் போகிறவன் என்ன செய்வான்? நின்ற இடத்திலேயே நிற்பான். அதிகாரியோ, எல்லாருக்கும் இடம் கொடுத்தாகிவிட்டது, ஏறாமல் நின்றது அவனுடைய சோம்பேறித்தனம் என்று ரிப்போர்ட் எழுதி விடுவான். நம் நாட்டில் படிப்பு விஷயம் வெகுகாலமாக இந்த மாதிரிதான் நடந்து வந்திருக்கின்றது. பள்ளிக்கூடம் கட்டியாகிவிட்டது, வாத்தியாரும் வந்துவிட்டார், வராதவன் மண்டையில் மண் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வராதவன் யார், எந்தத் தெருக்காரன், வீட்டில் என்ன பாஷை பேசுகிறவன், அவன் தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறவள் என்று கேட்பவர் இல்லை.

2011 ஆம் வருஷத்துச் சென்சஸில் நம் தமிழ்நாட்டில் 7 வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 80 பேர் என்று வந்தது. 80 என்றவுடன் கைதட்டத் தோன்றும். ஆனால் அந்த எண்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆண்கள் 100க்கு 87, பெண்கள் 73. தாழ்த்தப்பட்டவர்களை மாத்திரம் எடுத்தால் ஆணும் பெண்ணும் சேர்ந்தே 73 தான். பழங்குடி மக்களில் 54. பழங்குடிப் பெண்களில் 47. ஒரே ராஜ்யம், ஒரே வருஷம், ஒரே கணக்கு. எண்பதில் ஆரம்பித்து நாற்பத்தேழுக்கு இறங்கி வந்துவிட்டோம். மேல்படியில் நின்று பார்த்தவன் கண்ணுக்குக் கீழ்ப்படி தெரியாது.

நம் மதுரை ஜில்லாவையே பாருங்கள். 2011 இல் ஜில்லாவின் ஜனத்தொகை 30 லட்சத்து 38 ஆயிரத்துச் சொச்சம். அதில் பழங்குடி மக்கள் 11 ஆயிரத்துச் சொச்சம், அதாவது ஆயிரத்துக்கு 4 பேருக்கும் குறைவு. இவர்களில் ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமல் போனாலும், ஜில்லாவின் சராசரிப் படிப்பில் நூற்றுக்கு அரை கூடக் குறையாது! ஒரு கூட்டத்தின் பிள்ளைகள் பூராவும் தற்குறிகளாய் நின்றாலும் கலெக்டர் ஆபீஸ் ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி அசையாது என்றால், சராசரி என்பது எவ்வளவு சௌகரியமான போர்வை என்பதை யோசித்துப் பாருங்கள். ஜாதிச் சான்றிதழ் கிடைக்காமல் மேல்படிப்புக்குப் போக முடியாமல் தவிக்கும் காட்டுநாயக்கர் பிள்ளைகள் இந்தப் போர்வைக்குள்தான் இருக்கிறார்கள்.

நிற்க, இந்த இடத்தில் நம்மவர்களே ஒரு கேள்வி கேட்பதுண்டு. ஜாதி ஒழிய வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிற நீங்கள், ஜாதிவாரிக் கணக்கு எடு என்று கேட்கலாமா, அது ஜாதியை வளர்ப்பதாகாதா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேட்கிறவரில் சிலர் கபடமில்லாமல் கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் பதிலாவது: வட்டிக்கடையில் பேரேட்டைக் கொளுத்திவிடுங்கள், கடன் என்ற பேச்சே வேண்டாம் என்று சொல்லுகிறவன் யார்? கொடுக்க வேண்டியவன்தானே சொல்லுவான்! வாங்க வேண்டியவன் சொல்ல மாட்டான். ஜாதியின் பேரால் நூற்றுக்கணக்கான வருஷமாக ஒருவனுக்குப் படிப்பைக் கொடுத்து மற்றவனுக்கு மறுத்துவிட்டு, இப்போது பாக்கி எவ்வளவு என்று பார்க்கிற சமயத்தில் மாத்திரம், சே சே, ஜாதியைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்றால், அந்த நாகரிகம் யாருக்கு லாபம்? பாக்கி தீர்ந்த பிறகு பேரேட்டைக் கொளுத்துவதற்கு நாமே முதலில் நெருப்புப் பெட்டி கொண்டுவருவோம்.

அப்படிப் பேரேடு எழுதி வைத்ததால்தான் சில உண்மைகள் வெளியாயின. பழைய சென்னை ராஜதானியில் 1921 ஆம் வருஷத்துக் கணக்கில் தமிழ்ப் பார்ப்பன ஆண்களில் படித்தவர் 100க்கு 70க்கு மேல். நாடார்களில் 20 பேர் சுமார். கணக்கில்லாவிட்டால் இதை யாராவது ஒப்புக்கொண்டிருப்பார்களா? புத்திசாலி படிக்கிறான், மற்றவனுக்குப் பூர்வ ஜென்ம பலன் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்திருப்பார்கள். ஆனால் அதே நாடார்கள் 1901 இல் 15 ஆக இருந்தவர்கள் 20 வருஷத்தில் 20 ஆனார்கள். பூர்வ ஜென்மம் இடையிலே மாறிற்றா? இல்லை. விருதுநகரில் 1889 இல் க்ஷத்திரிய வித்தியாசாலையை ஆரம்பித்து, வீட்டுக்கு வீடு பிடி அரிசி தண்டி அதை நடத்தினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பிள்ளைதான் பின்னால் முதல் மந்திரியாகி ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்த காமராஜர். (பள்ளிக்கூடத்தின் பெயரில் க்ஷத்திரியன் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தப் பைத்தியத்தைப் பற்றியும் கொஞ்சம் பிறகு சொல்லுகிறோம்.) ஆகவே படிப்பைக் கொண்டுவந்தது பிரமன் எழுதிய எழுத்தல்ல, பிடி அரிசிதான்.

1931க்குப் பிறகு தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் தவிர மற்ற ஜாதிகளின் கணக்கு சென்சஸில் வெளிவரவே இல்லை. 1980 இல் மண்டல் கமிஷன் இந்தியாவில் பிற்பட்டவர்கள் 100க்கு 52 என்று சொன்னபோது, அதற்கு ஆதாரமாக எடுத்தது அரை நூற்றாண்டுக்கு முந்திய 1931 கணக்கைத்தான். நம் தமிழ்நாட்டில் 1980களில் அம்பாசங்கர் கமிஷன் வீடு வீடாய்ப் போய்க் கணக்கெடுத்தது. பீகாரில் 2023 இல் எடுத்து வெளியிட்டார்கள். மிகவும் பிற்பட்ட வகுப்பார் மாத்திரம் 100க்கு 36 பேர் என்று தெரிந்தது. 2021 இல் எடுக்க வேண்டிய இந்திய சென்சஸ் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் 2025 ஏப்ரல் 30 ஆம் தேதி டில்லி மந்திரிசபை அடுத்த சென்சஸில் ஜாதியும் சேர்க்கப்படும் என்று தீர்மானித்து, 2027 மார்ச் 1 ஆம் தேதியை ஆதாரமாக வைத்துக் கணக்கெடுப்பதென்று அந்த ஜூன் மாதம் உத்தரவும் போட்டது. 2011 கணக்கின்போது மதுரைப் பட்டணத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு இன்று மீசை முளைத்துவிட்டது. அவனுக்கு நாம் பள்ளிக்கூடம் வைப்பது இன்னும் அந்தத் தொட்டில் கணக்கைக் கொண்டுதான்!

சரி, கணக்கு எடுக்க வருகிறார்கள், நாம் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சொல்லுகிற விதத்திலேதான் சங்கதி இருக்கின்றது. இதற்கு நம் கண்ணெதிரே நடந்த ஒரு உதாரணம் சொல்லுகிறோம்.

அருந்ததியர் என்ற சமூகத்தை உங்களுக்குத் தெரியும். இந்த மதுரைப் பட்டணம் விடிந்து எழுந்து வெளியே வரும்போது தெரு சுத்தமாய் இருக்கிறதென்றால், நாமெல்லாம் தூங்கும்போதே எழுந்துபோகிற அவர்கள் உழைப்பாலேதான். சர்க்கார் பட்டியலில் இவர்கள் அருந்ததியர் என்று ஒரு பெயரில், சக்கிலியர் என்று ஒரு பெயரில், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்று ஆக ஏழு பெயரில் எழுதப்பட்டிருக்கிறார்கள். இதில் அனேகம் பெயர்கள் அவர்கள் தாங்களே வைத்துக் கொண்டவையல்ல, மற்றவர்கள் அவர்கள் மேல் எறிந்தவை. ஏழு பெயரில் சிதறிக் கிடந்தவரையில் ஒவ்வொன்றும் சின்னத் தொகையாய்த் தெரிந்தது. ஏழையும் ஒன்றாய்க் கூட்டிப் பார்த்தபோதுதான் தமிழ்நாட்டுத் தாழ்த்தப்பட்ட மக்களில் அவர்கள் ஒரு பெரும் பகுதி என்பதும், ஆனால் காலேஜிலும் உத்தியோகத்திலும் அந்த அளவுக்கு அவர்கள் இல்லை என்பதும் வெளிச்சமாயிற்று. தாழ்த்தப்பட்டவர் கணக்கை மாத்திரம் சென்சஸில் ஜாதி ஜாதியாக எழுதி வந்ததால்தான் இந்தக் கூட்டல் சாத்தியப்பட்டது என்பதைக் கவனியுங்கள். 2008 இல் ஜஸ்டிஸ் ஜனார்த்தனம் கமிட்டி விசாரித்தது. 2009 இல் தாழ்த்தப்பட்டவர்களுக்குள்ள 18 பங்கில் 3 பங்கு இவர்களுக்கென்று சட்டம் வந்தது. 2024 ஆகஸ்டு 1 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் 7 ஜட்ஜுகள் கூடி, இந்த மாதிரி உள்ளுக்குள் பிரித்துக் கொடுப்பது செல்லும் என்று பெரும்பான்மையாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு கூட்டல் கணக்குப் போட்டதனால் எத்தனை பிள்ளைகளுக்கு மெடிக்கல் காலேஜ் வாசல் திறந்தது பார்த்தீர்களா?

ஆனால் வாசல் திறந்தால் மாத்திரம் போதுமா? இவர்களில் பல குடும்பங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சிலர் கன்னடம். ஐந்து வயதுப் பிள்ளை முதல் வகுப்பில் உட்கார்ந்து வாத்தியார் சொல்லுகிற தமிழுக்குத் திருதிருவென்று விழித்தால் மக்கு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தாயும் தகப்பனும் விடியுமுன் வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்குத் தலைவாரிச் சோறு போட்டு அனுப்புவது யார்? 2022 செப்டம்பர் 15 ஆம் தேதி நம் சிம்மக்கல் ஆதிமூலம் பள்ளிக்கூடத்தில் காலைச் சிற்றுண்டித் திட்டத்தை ஆரம்பித்தார்களே, அதன் அருமை வீட்டில் காப்பி பலகாரம் சாப்பிட்டு வருகிற பிள்ளைக்குத் தெரியாது. தாய்பாஷை என்ன, தாயின் தொழில் என்ன என்ற இரண்டு கலங்களையும் சேர்த்துப் படித்தவனுக்குத்தான் எந்தப் பள்ளிக்கூடத்தில் இட்லி வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு தெரிந்த ஒரு வாத்தியாரம்மா வேண்டும் என்று தெரியும்.

இனி சௌராஷ்டிர சமூகத்தார் விஷயத்தைப் பார்ப்போம். மதுரைக்கும் அவர்களுக்கும் உள்ள சம்பந்தம் பல நூறு வருஷத்தது. சுங்குடிச் சேலை என்றால் அவர்கள் கைதான். அவர்கள் பாஷையை எழுத நம் மதுரையில் டி. எம். ராமராய் என்பவர் எழுத்தைச் சீர்செய்து, பிள்ளைகளுக்குப் பாட புஸ்தகங்களும் அச்சடித்தார். சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் என்று இந்திய சென்சஸில் எழுதிக் கொண்டவர்கள் 2001 இல் 1,85,420 பேர். 2011 இல் 2,47,702 பேர். பத்து வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது! தமிழ்நாட்டில் எந்தச் சமூகமும் பிள்ளை பெற்று மாத்திரம் இவ்வளவு வேகமாய்ப் பெருகவில்லை. முந்தின தடவை, எல்லாரும் தமிழ் என்றுதானே சொல்லுகிறார்கள், நாமும் அப்படியே சொல்லிவைப்போம் என்றோ, கேட்க வந்தவர் கேட்காமலே எழுதிக் கொண்டோ போனவர்கள் பல ஆயிரம் பேர் இருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பாஷை பேசும் பிள்ளைகள் எத்தனை என்று தெரியாமல் அதற்கு எப்படி வாத்தியார் வைப்பது? தமிழன் தமிழ் என்று எழுதுவது எவ்வளவு நியாயமோ, அவ்வளவு நியாயம் சௌராஷ்டிரர் சௌராஷ்டிரம் என்று எழுதுவதும். தமிழுக்கு அதனால் ஒரு குறைவும் வந்துவிடாது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு சமூகத்தின் சராசரியும் ஒரு போர்வைதான். ஜவுளிக்கடை முதலாளியும், தறியில் கூலிக்கு உட்காருகிறவனும், அந்தத் தறியடியில் எடுபிடி செய்ய எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பிள்ளையும் ஒரே சமூகக்காரர்களாய் இருக்கலாம். முதலாளி வீட்டுப் பட்டதாரியைக் காட்டி, பாருங்கள் எங்கள் சமூகம் என்று மார் தட்டினால், தறியடியில் இருக்கிறவனுக்கு என்ன வந்தது? சௌராஷ்டிரருக்கு மாத்திரமல்ல, முதலியாருக்கும் தேவருக்கும் நாடாருக்கும் எல்லாருக்கும் இதையேதான் சொல்லுகிறோம். ஜாதியைக் கணக்குப் பார்க்கிறவன் ஜாதியோடு நின்றுவிட்டால் அவன் பாதிக் கணக்குத்தான் பார்த்தவன். தொழிலும், பெண்ணும், தெருவும் அதற்குள்ளே இருக்கின்றன.

முஸ்லிம்கள் விஷயத்தில் வேறு மாதிரித் தவறு. பட்டணத்தில் 2011 இல் அவர்கள் 100க்கு 8 அல்லது 9 பேர். முஸ்லிம் பெண்களுக்குப் படிப்புச் சொல்லித்தர வேண்டுமென்று புறப்படுகிற சில நல்லவர்கள் உருது நோட்டீசு அடிக்கலாமா என்று யோசிக்கிறார்கள்! மதுரைப் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் உங்களையும் எங்களையும் போலத் தமிழ்தான் பேசுகிறார்கள். மதத்தைப் பார்த்துப் பாஷையைத் தீர்மானிப்பது, தொப்பியைப் பார்த்துக் கால் செருப்புக்கு அளவெடுப்பது மாதிரி.

இப்பொழுது பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிற பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பேர் எழுத வருகிறவன் என்றால் உங்கள் பக்கத்தில் ஒரு கசப்பு உண்டு. அது காரணமில்லாத கசப்பல்ல. 1911 ஆம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் பிரமலைக் கள்ளர் மேல் போட்டு, பிறந்த குற்றத்துக்காக ஆண்பிள்ளைகளின் பேரையும் கைரேகையையும் பதிந்து, இரவில் போலீஸ் கண்ணெதிரே படுக்கச் செய்தார்கள். 1920 ஏப்ரல் 3 ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அந்த ரேகைக்கு மறுத்தவர்களைச் சுட்டார்கள். ஒரு பெண் உள்படப் பலர் மாண்டார்கள். சென்னை ராஜதானியில் 1947 இல்தான் அந்தச் சட்டம் தொலைந்தது. அதே சர்க்கார்தான் அந்த மக்களுக்குக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கூடங்களையும் வைத்தது. அதில் படித்து வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு கையில் ரேகைப் புஸ்தகம், ஒரு கையில் அரிச்சுவடி! ஆகையால் கணக்கு என்பது தானே நல்லதுமல்ல, கெட்டதுமல்ல; எழுதுகிறவன் எதற்கு எழுதுகிறான் என்பதையும், எழுதப்படுகிறவன் அதைத் திருப்பிக் கேட்கிறானா என்பதையும் பொறுத்தது.

சென்சஸுக்கும் ரேகைக்கும் வித்தியாசம் உண்டு. 1948 ஆம் வருஷத்து சென்சஸ் சட்டப்படி நீங்கள் வீட்டில் சொன்ன விவரத்தை வேறொருவர் பார்வையிட முடியாது; அதைக் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகச் சாட்சியமாய் வைக்க முடியாது. கணக்கெடுக்க வந்தவர் அதை வெளியில் சொன்னால் அவருக்குத் தண்டனை. இந்தச் சட்டம் மீறப்படாமல் பார்த்துக் கொள்ள வேண்டியதும் நம் காரியம்தான். சும்மா நம்பிக்கொண்டிருங்கள் என்று நாம் சொல்லவில்லை. கேள்வி கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

முன்னே சொன்ன க்ஷத்திரியப் பைத்தியத்துக்கு வருகிறோம். 1901 இல் ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி, சென்சஸில் எந்த ஜாதி மேல், எந்த ஜாதி கீழ் என்று வரிசைப்படுத்தப் போனார். உடனே நாடெங்கும் மனுக்கள் பறந்தன. எங்களை க்ஷத்திரியன் என்று எழுது, எங்களை வைசியன் என்று எழுது, எங்களைப் பிராமணன் என்றே எழுது! பள்ளிக்கூடம் வேண்டுமென்று போன மனுவைவிடப் பூணூல் வேண்டுமென்று போன மனு அதிகம் இருந்திருக்கும் போலிருக்கிறது. இன்றைக்கோ பட்டம், கோத்திரம், குலதெய்வம் எல்லாவற்றையும் ஜாதி என்று எழுதி வைக்கிறார்கள். 2011 இல் சர்க்கார் தனியாக எடுத்த ஜாதிக் கணக்கில் 46 லட்சம் ஜாதிப் பெயர்கள் வந்துவிட்டன என்று 2021 இல் டில்லி சர்க்காரே சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிற்று. 1931 இல் 4,147 தான். அந்தக் கணக்கு அப்படியே பெட்டிக்குள் போயிற்று. நம் வீட்டுப் பெருமையைக் கணக்கில் எழுதப் போனால் கிடைக்கிற பலன் இதுதான்.

கடைசியாக, கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு ஒன்று சொல்லி நிறுத்திக் கொள்ளுகிறோம். 1991 வாக்கில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. படிக்காதவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் கல்லுடைக்கிறவர்கள் பலர் என்று தெரிந்து கொண்டார்கள். பகலில் வா என்றால் வரமாட்டார்கள். அதனால் இரவில் வகுப்பு வைத்தார்கள். தூரத்திலிருந்து வரவேண்டியவர்கள் என்று தெரிந்தவுடன் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். ஊரில் சில ஆண்கள் கேலி செய்தார்கள், செய்து ஓய்ந்தார்கள். எழுத்துச் சொல்லித்தரப் போனவர்கள் சைக்கிளில் ஆரம்பித்தது ஏன் என்றால், அந்தப் பெண்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சென்சஸ் புஸ்தகத்தில் வார்டுவாரியாக எத்தனை வீடு, எத்தனை பேர், தாழ்த்தப்பட்டவர் எத்தனை, படித்த பெண்கள் எத்தனை, 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் இருக்கின்றது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் வார்டின் கணக்கை ஒருவர் எழுதிக்கொண்டு வாருங்கள். அது பழைய கணக்கானதால் தெருவைப் பார்க்க வேண்டியது நாம். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளை எந்த வீட்டில், நின்றுபோன பெண் எந்த வகுப்பில் நின்றாள், வீட்டில் என்ன பாஷை, தாய்க்கு எந்த நேரம் ஓய்வு என்ற நாலு விஷயம் போதும். பேரைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம், யாரையும் வெட்கப்படுத்த வேண்டாம். பெண்கள் வீட்டுக்குப் பெண்களே போவது நல்லது. சௌராஷ்டிரம் தெரிந்தவர் இரண்டு பேரும், தெலுங்கு தெரிந்தவர் இரண்டு பேரும் நமக்கு அவசியம் வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு இதே இடத்தில் கூடுவோம். முதலில் ஆற்றங்கரைத் தெருக்கள், பிறகு மில் பக்கம். வருகிறவர்கள் ஒரு நோட்டுப் புஸ்தகமும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.